"ட்ரம்ஸைக் கொஞ்சம் குறைங்க": மேடைக்கு மிடி ட்ராக் கொண்டுபோகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஹட்டனில் இருந்து பதுளை வரைக்கும் எந்த இசைக்குழுவின் ஒத்திகைக்குப் போனாலும் ஒரு வார்த்தை கட்டாயம் காதில் விழும்: "ட்ரம்ஸைக் கொஞ்சம் குறைங்க." கீபோர்ட்காரர் ஒரு குமிழைத் திருகுவார். பாடுகிறவருக்கு அப்போதும் திருப்தி வராது. இன்னும் திருகுவார். உடனே பின்னால் இருந்து இன்னொருவர், "இப்ப பாட்டே செத்துப்போச்சு, கூட்டுங்க" என்பார். அரை மணி நேரம் இப்படியே போய்விடும்.

இதில் யார் மேலும் குற்றமில்லை. "ட்ரம்ஸ் சத்தம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நாலைந்து வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. பாடுகிறவர் ஒன்றை மனதில் வைத்துச் சொல்கிறார், கீபோர்ட்காரர் வேறொன்றைத் திருகுகிறார். அந்தச் சங்கதிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம்ம பக்கத்தில் இதைத் தெரிந்துகொள்வது இன்னும் அவசியம். முழு ட்ரம் செட்டையும் வேனில் ஏற்றி, தோட்டத்துக் கல் ரோட்டில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோய் இறக்குவது எல்லாக் குழுவாலும் முடிகிற காரியமில்லை. அதனால் ஒரு கீபோர்ட், ஒரு கிட்டார், இரண்டு பாடகர்கள், மிச்சமெல்லாம் மிடி ட்ராக் (கருவி தானாக வாசிக்கும்படி முன்பே எழுதி வைத்த வாசிப்பு) என்று கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் போகிறோம். உயிருள்ள ட்ரம்ஸ்காரர் பாடகியின் குரல் தாழும்போது தானாகவே கையைத் தளர்த்துவார். அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ட்ராக்குக்குக் காது கிடையாது. அந்தக் காதின் வேலையை நாம்தான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

மிடிக்குள் சத்தம் இல்லை

காலையில் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் (ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் இடம்) பேர் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னார் கொழுந்துக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் இன்ன மலைக்கு என்று தாளில் இருக்கும். அந்தத் தாளில் ஒரு கொழுந்துகூடக் கிடையாது. யார், எங்கே, எப்போது என்ற கட்டளை மட்டும்தான். மாலையில் தராசில் எத்தனை கிலோ நிற்கும் என்பது பறிக்கிற கையையும் அந்த மலையின் விளைச்சலையும் பொறுத்தது.

மிடி கோப்பு அந்தத் தாளைப் போன்றது. மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ள உருவாக்கிய பொது மொழி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்ட்களை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். அந்த மொழியில்தான் இன்றைக்கும் நம் ட்ராக்குகள் எழுதப்படுகின்றன. "இந்த நேரத்தில், இந்தச் சுரத்தை, இவ்வளவு பலமாக அடி; இந்த நேரத்தில் விடு" என்பதுதான் கோப்பில் இருக்கும். உண்மையான சத்தத்தை உண்டாக்குவது அந்தக் கட்டளையைப் படிக்கிற கருவி. அது கீபோர்டாக இருக்கலாம், தனிப்பெட்டியாக இருக்கலாம், மடிக்கணினியில் ஓடும் மென்பொருளாகவும் இருக்கலாம். இதை இனி ஒலிக்கருவி என்று சொல்கிறேன்.

சந்தேகம் இருந்தால் கோப்பின் அளவைப் பாருங்கள். நான்கு நிமிடப் பாட்டை 128 கிலோபிட் எம்பி3 ஆக வைத்தால் கிட்டத்தட்ட 4 மெகாபைட் வரும். அதே பாட்டின் மிடி சில பத்துக் கிலோபைட்டில் முடிந்துவிடும். உள்ளே சத்தம் இருந்தால் அவ்வளவு சிறியதாக இருக்கவே முடியாது.

மிடிக்கு 16 சேனல்கள் உண்டு. சேனல் என்பது ஒரு வாத்தியத்துக்கு ஒதுக்கிய தனி வரிசை. 1991இல் ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்கு வந்தது. அதன்படி 10ஆவது சேனல் தாள வாத்தியங்களுக்கே உரியது. அங்கே ஒவ்வொரு எண்ணும் ஒரு வாத்தியம். 36 என்றால் காலால் அடிக்கும் பெரிய ட்ரம், அதாவது கிக். 38 ஸ்நேர், அதாவது குச்சியால் "டப்" என்று அடிக்கும் சிறிய ட்ரம். 42 மூடிய ஹைஹாட், 46 திறந்த ஹைஹாட்; ஹைஹாட் என்பது காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு. 49 க்ராஷ் தட்டு. 35 முதல் 81 வரை மொத்தம் 47 ஒலிகள்.

இந்த 47இல் தபேலா இல்லை, டோலக் இல்லை, நம்ம தப்பு மேளமும் இல்லை. தமிழ்ப் பாட்டு வாசிக்கிற நமக்கு இதனால் ஒரு சிக்கல் வருகிறது. இந்தியத் தாள ஒலிகள் ஏற்றிய கீபோர்டில் யாரோ செய்த ட்ராக்கை வாங்கி வருகிறோம். அதில் தபேலாவின் ஒரு சொல்லை, அதாவது ஓர் அடியின் ஒலியை, 71ஆம் எண்ணில் வைத்திருந்தால், ஜெனரல் மிடி ஒழுங்கில் 71 விசில். உங்கள் கீபோர்டில் தபேலா கேட்க வேண்டிய இடத்தில் விசில் அடிக்கும். கட்டளை அதேதான், படிக்கிற கருவி வேறு. இப்படி வாத்தியமே மாறிவிடும் என்றால், சத்தத்தின் அளவு மாறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு கருவியில் இதமாகக் கேட்ட ஸ்நேர் இன்னொன்றில் காதைக் கிழிக்கும்.

இதுவரை: மிடியில் கட்டளை மட்டும் உண்டு, சத்தம் கருவியில் பிறக்கிறது. ஆகவே எந்தக் கருவியில் மேடையேறப் போகிறீர்களோ, அதே கருவியில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும்.

அடிக்கிற பலம் வேறு, கேட்கிற அளவு வேறு

நான் பார்த்தவரைக்கும் மிகப் பெரிய குழப்பம் இங்கேதான்.

கோயில் முன்னால் தப்பு அடிக்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். சத்தத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. அடிப்பவரிடம் மெதுவாக அடிக்கச் சொல்லலாம். அல்லது நீங்கள் இருபது அடி தள்ளிப்போய் நிற்கலாம். இரண்டிலும் சத்தம் குறையும், ஆனால் கேட்பது ஒன்றாக இருக்காது. தள்ளிப்போய் நின்றால் அதே ஆவேசமான அடி, கொஞ்சம் தூரத்தில் கேட்கும். மெதுவாக அடிக்கச் சொன்னால் தோலின் குணமே மாறிவிடும். அந்த வெடிப்பு போய், தட்டுகிற ஓசை மட்டும் நிற்கும்.

மிடியிலும் இந்த இரண்டும் உண்டு.

முதலாவது, வெலாசிட்டி. ஓர் அடியின் பலத்தைச் சொல்லும் எண் அது, 1 முதல் 127 வரை. ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாக இருக்கும். நல்ல ஒலிக்கருவிகள் பலவற்றில் மெதுவான அடிக்கு ஒரு பதிவும் பலமான அடிக்கு வேறொரு பதிவும் வைத்திருப்பார்கள். ஆகவே வெலாசிட்டியைக் குறைத்தால் சத்தத்தோடு சேர்ந்து நாதமும் மாறும். 115இல் "டப்" என்று வெடித்த ஸ்நேர் 60இல் விரலால் தட்டியது போலாகிவிடும்.

இரண்டாவது, சேனல் வால்யூம். ஒரு சேனல் முழுவதும் எவ்வளவு வெளியே வரட்டும் என்று சொல்லும் கட்டளை. மிடியில் அதன் எண் 7, அளவு 0 முதல் 127 வரை. இது தள்ளிப்போய் நிற்பது மாதிரி. அடியின் குணம் மாறாது, அளவு மட்டும் மாறும்.

"பாட்டே செத்துப்போச்சு" என்ற புகார் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். ட்ரம்ஸ் சத்தம் அதிகம் என்று எல்லா அடியின் வெலாசிட்டியையும் நாற்பது நாற்பதாக வெட்டியிருப்பார்கள். சத்தம் குறைந்ததோடு ஆவேசமும் போய்விட்டது. பலமாக அடித்த அடியையும் மெதுவாக அடித்த அடியையும் வைத்துத்தான் தாளத்துக்கு நடை வருகிறது. மொத்தமாகக் குறைக்க வேண்டுமென்றால் வெலாசிட்டியைத் தொடாதீர்கள், சேனல் வால்யூமைத் தொடுங்கள்.

அந்தக் குறைப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 127ஐ 64 ஆக்கினால் சத்தம் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெனரல் மிடிக்குப் பரிந்துரைத்த கணக்குப்படி, 127இல் இருந்து 90க்கு இறங்கினாலே ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். 64க்கு இறங்கினால் ஏறக்குறைய 12 டெசிபெல். டெசிபெல் என்பது ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு. 10 டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். அப்படியென்றால் 64 பாதிக்கும் கீழே. எல்லாக் கருவியும் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை, ஆனாலும் பாடம் ஒன்றுதான்: ஐந்து ஐந்தாக இறக்கிக் கேளுங்கள், முப்பது நாற்பதாக வெட்டாதீர்கள்.

திருகினாலும் குறையாத மாயம்

இதை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "பாட்டு தொடங்க முன்னாடி ட்ரம்ஸைக் குறைச்சு வச்சேன் அண்ணே. பாட்டு தொடங்கின உடனே பழையபடி ஏறிடுது." கருவி பழுது என்று நினைத்துப் பழுது பார்க்கக் கொண்டுபோனவர்களும் உண்டு.

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. கோப்பின் ஆரம்பத்திலேயே "10ஆவது சேனல் வால்யூம் 110" என்பது போல ஒரு கட்டளை எழுதியிருக்கும். நீங்கள் கையால் 80க்கு இறக்கி வைத்தாலும், பாட்டு ஓடத் தொடங்கியதும் கருவி அந்தக் கட்டளையைப் படித்து 110க்குப் போய்விடும். சில ட்ராக்குகளில் இது பாட்டின் நடுவிலும், சரணம் தொடங்குகிற இடத்தில், திரும்ப வரும். எக்ஸ்பிரஷன் என்று இன்னொரு கட்டளையும் உண்டு, எண் 11. அது சேனல் வால்யூமுக்கு உட்பட்டு, பாட்டின் ஓட்டத்தில் ஏற்றி இறக்கப் பயன்படுவது. யாராவது அதையும் எழுதி வைத்திருக்கலாம்.

மலையில் ஊற்றிலிருந்து பீலிக்கு (தண்ணீர் பிடிக்கிற இடம்) வருகிற தண்ணீரைப் போலத்தான் இது. ஊற்றுக்கண்ணில் ஓர் அடைப்பு, நடுவில் தொட்டியில் ஒரு வால்வு, கடைசியில் லய வீடுகளுக்குப் பக்கத்தில் பீலி. பீலியில் தண்ணீர் கூடிப்போனால் எந்த இடத்தில் திறந்திருக்கிறது என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும். ட்ரம்ஸ் சத்தம் வருகிற வழியும் அப்படியே: முதலில் வெலாசிட்டி, அடுத்து சேனல் வால்யூமும் எக்ஸ்பிரஷனும், அப்புறம் கீபோர்டின் மொத்த வால்யூம், அதற்குப் பிறகு மிக்சர், கடைசியில் ஸ்பீக்கர். பிரச்சினை எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படியில்தான் கை வைக்க வேண்டும்.

இந்த மாயத்துக்கு மருந்து கோப்புக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் மிடி திருத்தும் மென்பொருள் ஒன்றில் கோப்பைத் திறந்து, கட்டளைப் பட்டியலில் 10ஆவது சேனலின் 7ஆம் கட்டளைகளைத் தேடுங்கள். முதலாவதை உங்களுக்குத் தேவையான எண்ணுக்கு மாற்றுங்கள். நடுவில் வருபவற்றைக் கேட்டுப் பார்த்து, வேண்டாதவற்றை அழித்துவிடுங்கள். வேறு பெயரில் சேமியுங்கள். பழைய கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள், என்றைக்காவது தேவைப்படும்.

ட்ரம்ஸ் என்பது ஒரு வாத்தியமல்ல

சரி, சேனல் வால்யூமை அளவாக இறக்கியாயிற்று. இன்னும் பாடகிக்கு நிம்மதி இல்லை. ஏன்?

"ட்ரம்ஸ் அதிகம்" என்று ஒருவர் சொல்லும்போது, பெரும்பாலும் அவரைத் தொந்தரவு செய்வது ஒரே ஒரு பொருள்தான். குரலுக்கு எதிரி எது என்று பாருங்கள். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மையான ஓசை இருக்கிற அதே உயரத்தில்தான் ஹைஹாட்டும் க்ராஷும் "ச்ச்" என்று ஒலிக்கின்றன. க்ராஷ் நீண்டு கரையும்போது பாட்டின் சொற்கள் அதற்குள் மறைந்துவிடும். ஒரு சத்தம் அதே உயரத்தில் உள்ள இன்னொன்றை மூடிவிடுவதை மறைப்பு என்பார்கள். ஸ்நேர் குரலின் நடுப்பகுதியோடு மோதும். கிக் குரலை அவ்வளவாகத் தொடாது. அது மோதுவது பேஸ் கிட்டாரோடு.

அப்படியிருக்க, க்ராஷ் தொந்தரவுக்காக முழுச் சேனலையும் இறக்கினால் என்ன நடக்கும்? ஆட வைக்கிற கிக் முதலில் காணாமல் போகும். கூட்டம் உட்கார்ந்துவிடும். க்ராஷோ இன்னும் குரலை மூடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு நுட்பத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிக், ஸ்நேர், ஹைஹாட் எல்லாமே ஒரே 10ஆவது சேனலில் இருப்பதால், சேனல் வால்யூம் எல்லாவற்றையும் சேர்த்தே இறக்கும். கணினியில் அவற்றைத் தனித்தனி வரிகளாகப் பிரித்து வைத்தாலும், எல்லாம் 10ஆவது சேனலுக்கே போகும்வரை இதுதான் நிலை. ஒன்றை மட்டும் குறைக்க இரண்டு வழிதான். ஒலிக்கருவியிலேயே ட்ரம் கிட்டின் (ட்ரம்ஸ் ஒலிகளின் தொகுப்பு) உள் அளவுகளை மாற்றும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், அதுதான் சுத்தமான வழி. அந்த வசதி இல்லையென்றால் அந்த ஒரு எண்ணின் அடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வெலாசிட்டியைக் குறைக்கலாம்.

வெலாசிட்டியைத் தொடாதீர்கள் என்று முன்னால் சொன்னேனே? அது மொத்தக் குறைப்புக்கு. ஹைஹாட்டும் க்ராஷும் மெதுவாக அடித்தால் நாதம் மிருதுவாகும், குரலுக்குப் பின்னால் அதுதான் நமக்கு வேண்டியதும். ஸ்நேரில் மட்டும் கவனமாக இருங்கள். பத்து, பதினைந்துக்கு மேல் இறக்கினால் முகம் வாடிவிடும். அப்புறம், எல்லா அடியிலிருந்தும் ஒரே எண்ணைக் கழியுங்கள், எல்லாவற்றையும் ஒரே எண்ணாக ஆக்கிவிடாதீர்கள். 90, 62, 84, 60 என்று இருந்த ஹைஹாட்டை 75, 47, 69, 45 ஆக்கினால் நடை பிழைக்கும். எல்லாவற்றையும் 70 ஆக்கினால் தையல் இயந்திரம் ஓடுவது போலக் கேட்கும்.

பைலா (துள்ளலான ஆட்டப் பாட்டு) வாசிக்கும்போது இது இன்னும் முக்கியம். ஆறு-எட்டு தாளத்தின் ஆட்டமே சிறிய அடிகளில்தான் இருக்கிறது. ஹைஹாட்டையும் டாம்பரினையும் (எண் 54) ஒரேயடியாக அமுக்கினால் பைலா நொண்டும். அங்கே நான் ஸ்நேரையும் க்ராஷையும்தான் முதலில் இறக்குவேன்.

எது தொந்தரவு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை: பாடகியை உண்மையாகவே பாடச் சொல்லுங்கள். பாடும்போது க்ராஷை முழுக்க நிறுத்துங்கள். அடுத்த சுற்றில் ஹைஹாட்டை நிறுத்துங்கள். அடுத்ததில் ஸ்நேரை. எதை நிறுத்தியபோது அவர் முகம் தெளிந்ததோ அதுதான் ஆள். குரல் இல்லாமல் ட்ராக்கை மட்டும் ஓடவிட்டு ட்ரம்ஸ் அளவு பார்ப்பதில் பயனில்லை.

சுருக்கமாக: மொத்தமாகக் குறைக்க சேனல் வால்யூம், ஒன்றை மட்டும் குறைக்க கிட்டின் உள் அளவு அல்லது அந்த ஒன்றின் வெலாசிட்டி. எதைக் குறைப்பது என்பதைக் குரலை வைத்துத் தீர்மானியுங்கள்.

வீட்டில் சரியாக இருந்தது மண்டபத்தில் ஏன் மாறுகிறது

சில வருடங்களுக்கு முன் நுவரெலியாப் பக்கம் ஒரு கல்யாணம். இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து பதினெட்டுப் பாட்டுக்கும் ட்ரம்ஸ் அளவு சரிபார்த்திருந்தேன். பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு பாட்டிலும் கிக் போதவில்லை, போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனேன். மண்டபத்தில் முதல் பாட்டு தொடங்கியதும் கிக் இடி மாதிரி விழுந்தது. மேசையில் கிளாஸ் ஆடியது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் பாடுகிற தங்கை கிட்ட வந்து, "அண்ணே, என் குரலே எனக்குக் கேக்கல" என்றாள். அந்த வார்த்தை எனக்கு நெடுநாள் உறுத்தியது. அவள் அன்றைக்குத் தொண்டை கட்டும்வரை கத்திப் பாடினாள்.

காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதை அளந்து பார்த்து வெளியிட்டார்கள். மெதுவான சத்தத்தில் நம் காது தாழ்ந்த ஒலிகளைச் சரியாகக் கேட்பதில்லை. சத்தம் ஏற ஏற, தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக எழும்பித் தெரியும். வானொலியைக் குறைத்து வைத்தால் பாட்டு மெலிந்து, உயர்ந்த ஒலிகள் மட்டும் கேட்பது இதனால்தான். இரவில் மெதுவான சத்தத்தில் கிக் போதவில்லை என்று நான் ஏற்றியது முழுக்க என் காதின் குறையை ஈடுகட்டத்தான். மண்டபத்தில் சத்தம் உயர்ந்ததும் அந்தக் குறை மறைந்துவிட்டது, நான் ஏற்றியது மட்டும் நின்றது.

கட்டடமும் தன் பங்குக்குச் சேர்க்கும். தோட்டத்து மண்டபங்கள் பலவற்றில் தகரக் கூரை, சிமெந்துத் தரை, வெறும் சுவர். ஸ்நேரும் க்ராஷும் அவற்றில் பட்டுப் பட்டுத் திரும்பும், ஓர் அடி மூன்று அடியாகக் கேட்கும். ஆட்கள் வந்து நிறைந்ததும் உடம்பும் உடுப்பும் அந்த எதிரொலியைக் குடித்துவிடும். குளிருக்குப் போட்டிருக்கிற ஸ்வெட்டரும் சால்வையும் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல துணை. வெறும் மண்டபத்தில் ஸ்நேர் கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் உடனே கோப்பைத் திருத்தக் கிளம்பாதீர்கள், கூட்டம் வரட்டும். தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரை இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் கிக் தானாகவே பெருக்கும். ஒரு பைசா செலவில்லாமல் கிக்கைக் குறைக்க அந்தப் பெட்டியை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள். திறந்த வெளியிலோ சுவரும் இல்லை கூரையும் இல்லை, அதே கிக் காற்றோடு போய்விடும்.

ஆகவே வீட்டில் வேலை செய்யும்போது, தினமும் அரை மணி நேரமாவது பகலில், பேசுகிற குரலை மூழ்கடிக்கிற அளவுக்குச் சத்தம் வைத்துக் கேளுங்கள். கிக்கின் அளவை அந்த நேரத்தில் மட்டும் தீர்மானியுங்கள். மற்றதை இரவில் பார்க்கலாம்.

ட்ரம்ஸைத் தனி வழியில் அனுப்புவது

இவ்வளவு செய்தாலும் எல்லா மண்டபத்துக்கும் பொருந்துகிற ஒரே அளவு கிடையாது. ஆகவே கடைசி முடிவை மேடையில் எடுக்க ஒரு வழி திறந்து வைத்திருக்க வேண்டும். நான் சில காலமாகச் செய்வது இது. உங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

கீபோர்டின் பின்னால் இடம், வலம் என்று இரண்டு வெளியீடு இருக்கும். வழக்கமாக அதை இரண்டு பக்க ஸ்பீக்கருக்கு அனுப்பி, டாம் (ட்ரம் செட்டின் நடுத்தர ட்ரம்கள்) இடப்பக்கம் ஹைஹாட் வலப்பக்கம் என்று வைப்போம். மண்டபத்தில் இதனால் நன்மை குறைவு. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வலப்பக்கத்து வாத்தியம் சரியாகக் கேட்காது. அதற்குப் பதிலாக ட்ரம்ஸ் முழுவதையும் இட வெளியீட்டுக்கும், மற்ற எல்லாவற்றையும் வல வெளியீட்டுக்கும் அனுப்புங்கள். மிக்சரில் இரண்டு தனி வரிகளாக வாங்கி, இரண்டையும் நடுவில் வைத்து, இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் ஒன்றாக அனுப்பச் சொல்லுங்கள். இப்போது சவுண்ட்காரரின் விரலுக்குக் கீழே ட்ரம்ஸுக்கென்று தனி நழுவி (ஃபேடர்) ஒன்று வந்துவிட்டது. பாடகி தலையசைத்ததும் அவரால் இறக்க முடியும், பாட்டு நிற்காது.

மிடியில் இதைச் செய்யும் கட்டளையின் எண் 10. சேனல் 10 வேறு, கட்டளை 10 வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். 0 என்றால் முழு இடம், 64 நடு, 127 முழு வலம். சேனல் 10க்கு 0 கொடுங்கள், மற்ற சேனல்களுக்கு 127. பாட்டின் நடுவில் வேறு எண் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில கருவிகளில் டாமும் தட்டுகளும் கிட்டுக்குள்ளேயே தனி இடம் பிடித்திருப்பதால் கொஞ்சம் மறுபக்கம் கசியும். எதிரொலிச் சேர்க்கையும் இரண்டு பக்கமும் வரும், அதை ட்ரம்ஸுக்கு நிறுத்திவிடுங்கள். மண்டபமே போதுமான எதிரொலி தரும். முழுச் சுத்தமாக வேண்டுமென்றால் ட்ரம்ஸை ஒரு தடவை, மற்றதை ஒரு தடவை என்று ஒலியாகப் பதிந்து, ஒரே கோப்பின் இரண்டு பக்கமாக வைத்துவிடலாம். அப்படிச் செய்தால் பிறகு சுருதியையோ வேகத்தையோ சுலபமாக மாற்ற முடியாது என்பதால் நான் இன்னும் மிடியாகவே கொண்டுபோகிறேன்.

பாட்டுக்குப் பாட்டு அளவு மாறாமல் இருப்பதும் முக்கியம். வெவ்வேறு ஆட்கள் செய்த ட்ராக்குகளில் ஒன்றில் ட்ரம்ஸ் 127, இன்னொன்றில் 80 என்று இருக்கும். குரலுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு பாட்டை அளவுகோலாக வைத்து, மற்ற ஒவ்வொன்றையும் அதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுச் சரிசெய்யுங்கள். ஜெனரல் மிடி ஒழுங்கில் சேனல் வால்யூம் தொடக்கத்தில் 100 ஆக இருக்கும். அதைச் சுற்றியே வைத்துக்கொண்டால் ஏற்றவும் இறக்கவும் இடம் மிஞ்சும்.

தப்பும் ட்ராக்கும் சேரும்போது

திருவிழா மேடையில் தப்புக் குழுவைக் கூட்டி வைத்து ட்ராக்கோடு வாசிக்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். காமன் கூத்திலும் சாமி ஊர்வலத்திலும் கேட்ட அடி மேடையிலும் ஒலிக்க வேண்டும்.

அப்படி வாசிக்கும் பாட்டுகளுக்குத் தனிக் கோப்பு செய்யுங்கள். உயிருள்ள தாளம் நிற்கிற இடத்தில் ட்ராக் ஒதுங்க வேண்டும். டாம் அடிகளை எடுத்துவிடலாம், ஸ்நேரைப் பத்துப் பதினைந்து இறக்கலாம். ஹைஹாட்டை விட்டுவைக்க வேண்டும், அதைப் பிடித்துத்தான் தப்படிப்பவர்கள் ட்ராக்கோடு சேர்ந்து நடப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்பீக்கர் வைத்து ஹைஹாட் தெளிவாகக் கேட்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். தப்பு தானாகவே பெரிய சத்தம், சின்ன மண்டபத்தில் அதற்கு மைக்கே வேண்டாம்.

நம்ம குளிருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. பனியில் தப்புத் தோல் தளர்ந்துவிடும், நாதம் தாழ்ந்து மந்தமாகக் கேட்கும். மாலை நாலு மணிக்கு அளவு பார்க்கும்போது அப்படித்தான் இருக்கும், ட்ராக்கின் ஸ்நேர் அதற்கு மேலே தெளிவாக நிற்கும். இரவு ஏறும் முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகி, நாதம் உயர்ந்து, ஸ்நேர் இருக்கிற இடத்துக்கே தப்பு வந்து நிற்கும். நாலு மணிக்குப் பார்த்த கணக்கு அப்போது செல்லாது. அதனால் தப்பைக் காய்ச்சி முடிந்ததும் ஒரு பல்லவியை மட்டும் ட்ராக்கோடு ஓடவிட்டுக் கேட்கிறேன், பாடகியும் மைக்கில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்நேரை இன்னும் எட்டோ பத்தோ இறக்கிய இன்னொரு கோப்பையும் தயாராக வைத்திருப்பேன். இரண்டையும் ஒரு தடவை கேட்டுவிட்டு, எதில் அவள் சொல்கிற சொல் கடைசி வரிசையில் நிற்கிற ஆளுக்குப் புரிகிறதோ அதைத்தான் அன்றைக்கு ஓடவிடுவேன்.